இடது காதில் வாசித்தவன்

ஸ்டூடியோவில் பிறர் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கிறவன், கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவன் மாதிரி. இருக்கும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொடைக்கானலில் பிறந்து, ஸ்வீடனுக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு அங்கே ராக் பாடகர்களுக்குக் கூலிக்கு வாசித்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். நடுவில் பாட்டும் எழுதினேன். அவையெல்லாம் பாடியவர்களின் பெயரில் ஊரைச் சுற்றின. ஐம்பது நெருங்கும்போது மூட்டை கட்டி மனைவியோடு மலையேறி வந்தேன். யாருக்கும் கொடுக்காத ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு கையிலிருந்தது. ஸ்டாக்ஹோமில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில், சூரியனைக் கூப்பிட்டு எழுதியது. இந்த ஒன்றையாவது ‘இது இவன் பாட்டு’ என்று நாலு பேர் சொல்லக் கேட்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. கோரஸ் பாடுகிறவர்களே, தபேலாவுக்குப் பின்னால் மறைந்து உட்காருகிறவர்களே, உங்களுக்குப் புரியும்.

காபி குடிப்போமா?

ஸ்வீடனில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே ‘நன்றாக இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். ‘காபி குடிப்போமா?’ என்பார்கள். யோனாஸ் என்று ஒரு தயாரிப்பாளர். அவருக்காக ஒரு பாட்டின் நடுவே, ஒரு வாரம் பழகிய கிட்டார் தனி ஆவர்த்தனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிறகு காபிக்குக் கூப்பிட்டார். கூடவே ஏலக்காய் போட்ட பன். நம் மலையில் தாண்டிக்குடிப் பக்கத்து ஏலத்தோட்ட வாசனை. இரண்டாவது பன்னையும் என் பக்கம் தள்ளியபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அவருடைய மாமியார் வளர்க்கும் தக்காளியைப் பற்றிப் பேசினோம். பனி பற்றிப் பேசினோம். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, தோளில் கைபோட்டு யோனாஸ் சொன்னார்: “அதில் ஒரு ஸ்வரம் ரொம்ப அருமை. அதை மட்டும் வைத்துக்கொள்வோம்.”

செல்வம் கேட்ட பாட்டு

திரும்பி வந்தவனிடம் ஊர் கேட்கிற முதல் கேள்வி, அங்கே என்ன சோலி என்பது. பக்கத்து வீட்டுச் செல்வம், மன்னவனூரிலிருந்து கேரட் மூட்டை ஏற்றி இறக்குகிற பிக்கப் வண்டிக்காரர். “பாட்டுல கிட்டார் வாசிச்சேன்” என்றேன். “எங்க, காட்டுங்க” என்றார். நான் வாசித்ததிலேயே கொஞ்சம் பெயர் வாங்கிய பாட்டைத் தேடிப் போட்டேன். தன் இயர்போனை மாட்டிக்கொண்டு, வண்டி பானெட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ராக் பாட்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு கிட்டார் இருந்தால் ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு எப்போதும் இடதுதான்.

“இதுல நீங்க எங்கண்ணே இருக்கீங்க?” என்றார்.

“இடது காதுல.”

செல்வம் இடது பக்கத்தைக் கழற்றினார். தட்டினார், ஊதினார், மறுபடி மாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சங்கடத்தோடு சொன்னார்: “அது போன மழைக்கே செத்துப்போச்சுண்ணே. ஒரு வார்த்தை சொல்லி வலது பக்கமா வாசிச்சிருக்கக் கூடாதா?”

அசையாத ரசிகர்கள்

சீசனில் ஒரு ரிசார்ட்டில், சாயங்காலம் நெருப்பு மூட்டி உட்காரும் விருந்தாளிகளுக்கு வாசித்தேன். மூடுபனி ஏறினால் பத்து நிமிஷத்தில் சுருதி இறங்கிவிடும். முறுக்குவதும் வாசிப்பதுமாக ஓட்டுவேன். விருந்தாளிகளுக்கு வேண்டியது பிறந்தநாள் பாட்டு, அதற்கப்புறம் இன்னொரு பிறந்தநாள் பாட்டு. ஒருநாள் துணிந்து என் பாட்டையே எடுத்தேன். ‘நீ வந்தால் போதும்’ என்று இரண்டாவது வரிக்குப் போவதற்குள், அத்தனை பேரும் சிலையாகிவிட்டார்கள். பஜ்ஜி கடித்தவர் கடித்தபடியே. ஒரு குழந்தைகூட அழவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான் என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

சரணத்துக்குப் போகும்போது ஒவ்வொருவராகப் பின்வாக்கிலேயே நடந்து அறைக்குள் போனார்கள். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு கேட்டது. காட்டுமாடு! ஹைட்ரேஞ்சா புதரை ஒட்டி, ஒரு வேன் அளவுக்கு நின்றது. சமையலறைக் கதவிடுக்கிலிருந்து மேனேஜர் கிசுகிசுத்தார்: “சார், பாதியில நிறுத்திராதீங்க! புடிச்சுப் போச்சுபோல, மேயாம நின்னு கேக்குது.”

ஸ்டெல்லா டீச்சரின் திருத்தம்

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிற ஸ்டெல்லா டீச்சருக்குக் கிறிஸ்துமஸுக்குப் புதுப் பாட்டு வேண்டியிருந்தது. என்னுடையதைப் பாடிக் காட்டினேன்.

“யாரு வந்தாப் போதும்?”

“சூரியன், டீச்சர்.”

“நம்ம ஊருல டிசம்பர்ல வெயிலுக்கு என்ன கொறச்சல்? காலைல பளிச்சுன்னுதான அடிக்குது. பாலன் வந்தாப் போதும்னு வச்சுக்குவோம்.” ராக் தாளத்தையும் பாதி வேகத்துக்கு இறக்கினார், பெரியவர்களுக்கு மூச்சு வாங்குமாம். பதிலுக்கு, பாட்டுக்கு முன் சாமியார் என் பெயரை மைக்கில் சொல்வார் என்று வாக்குக் கொடுத்தார். அந்த ஒன்றுக்காகச் சூரியனை விட்டுக்கொடுத்தேன்.

அந்த நாளும் வந்தது. சாமியார் “இந்தப் பாடலை இயற்றி இசையமைத்தவர்...” என்று ஆரம்பித்ததும் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. ஜெனரேட்டர் உறுமி மைக்குக்கு உயிர் வந்தபோது குழு பாடத் தொடங்கியிருந்தது. எனக்கு முன் வரிசை அம்மா பக்கத்து அம்மாவிடம் கேட்டார்: “யாரு போட்ட பாட்டாம்?” அந்த அம்மா சொன்னார்: “என்னமோ சொன்னாரு, கேக்கல. விடுக்கா, பாட்டு நல்லாத்தான இருக்கு.”

கேரல்ஸ் ஜீப்

அடுத்த வருஷ டிசம்பர். வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல்ஸ் குழு ஒன்று, அடுக்கம் பக்கத்து ஆட்கள், ஒரு சாயங்காலம் ஜீப்பில் என் வாசலில் வந்து இறங்கியது. ஒருவரையும் எனக்குத் தெரியாது. டிரம் அதிர, பாட ஆரம்பித்தார்கள். என் பாட்டு. டீச்சரின் பாலனோடு, ஆனால் நான் போட்ட பழைய வேகத்தில். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவோரம் நின்று நானும் முணுமுணுத்தேன்.

இரண்டாவது சரணத்தில் அவர்களுடைய கிட்டார்காரருக்குக் குளிரில் விரல் மடங்கவில்லை. “ஏலே, கையைக் கக்கத்துல வையி” என்று அதட்டிய தலைவர், எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரைப் பார்த்துவிட்டார்.

“அண்ணனுக்கு வாசிக்க வருமா? இன்னும் அஞ்சாறு வீடு கெடக்கு. வெரசா வாங்களேன்.”

“இது நான் போட்ட பாட்டுங்க” என்று சொல்லியே விட்டேன்.

அவர் சிரித்தார், அன்பாகத்தான். “போற எடமெல்லாம் அப்படித்தாண்ணே சொல்றாங்க, அவங்கவங்க ஊருப் பாட்டுன்னு. அம்புட்டுப் புடிச்சிருக்கு! கிட்டார் கார்ட்ஸ் மூணுதான், பயப்படாதீங்க. தெரியலன்னா என் வாயைப் பாத்துக்கிட்டே வாங்க.”

சொந்த மகள் கல்யாணத்தில் மேளத்துக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டால் நீங்கள் என்ன செய்வீர்களோ அதையேதான், நண்பர்களே, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறி நானும் செய்தேன்.