என்மேல் வீசியதாக நான் நம்பிய வாடை

ஆம்பூரில் தமிழாசிரியனாக இருந்த நாளில் என்னைப் பெருஞ்சோர்வு பற்றிக்கொண்டது. காரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. உணவும் உறக்கமும் குறைந்தன. எதற்கும் உதவாதவன் நான் என்னும் எண்ணம் மட்டும் வளர்ந்தது.

ஆற்றுப்பக்கமிருந்து காற்று வீசினால், தோல் பதனிடும் ஆலைகளில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளின் வாடை எங்கள் தெருவெல்லாம் நிறையும். உள்ளூரார் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அவ்வாடை என் உடலிலிருந்தே எழுகின்றது என்று நான் நம்பத் தொடங்கினேன். ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து வந்து படித்த, இவ்வாடை பழகாத மாணவன் ஒருவன் வகுப்பில் மூக்கைப் பொத்தினால், என் பொருட்டே பொத்துகிறான் என்று கருதிச் சன்னலோரம் ஒதுங்கி நின்று பாடம் சொன்னேன். குளித்துவிட்டு வந்தவன் மீண்டும் சென்று குளித்தேன். இறுதியில் வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்து, காரணத்தை மனைவியிடம் கூறினேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“ஊரே நாறுது. அதுல உங்களுக்குன்னு தனியா இன்னா நாத்தம்? அவ்ளோ பெரிய ஆளா நீங்க?”

எனக்குச் சினம் வந்தது. பல திங்களாக எதன்மீதும் சினங்கொள்ளாதிருந்தவன் நான். அந்தச் சினத்தோடேயே மேலாடையை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன். சோர்வு அன்று நீங்கவில்லை. அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் வந்துபோயிற்று. வேலையை விடும் பேச்சை மட்டும் நான் மறுபடியும் எடுக்கவில்லை.