துப்புத் துலக்கிய பூக்காரி

ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. பிறந்தது சிங்காரப்பேட்டையில். அங்கே என் காதில் விழுந்ததெல்லாம் தமிழ்தான். இங்கேயோ காய்காரர் தெலுங்கில் கூவுவார், பால்காரர் கன்னடத்தில் பேசுவார். கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். காலையில் அவர் கிளம்பிவிட்டால் மாலை வரை எனக்குத் துணை, வாரம் ஒருமுறை அவர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி வரும் பத்திரிகைதான்.

அதில் ஒரு சரித்திரத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. சரித்திரக் கதை என்றால் இளவரசர்கள் குதிரையில் பாய்வார்கள், இளவரசிகள் உப்பரிகையில் காத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இது வேறு மாதிரி இருந்தது. பாளையக்காரர் காலத்தில் ஒரு கோட்டைக்குள் தளபதி செத்துக் கிடக்கிறார். விடிகாலையில் பாம்பு கடித்துவிட்டது என்கிறார்கள். கோட்டைக் கோயிலுக்குப் பூக்கட்டும் பெண் ஒருத்தி மட்டும் அவர் கையிலிருந்த மல்லிகையைப் பார்க்கிறாள். அது முதல் நாளே விரிந்து வாடிய பூ; விடிகாலையில் யாரும் வாடிய பூவைக் கையில் எடுக்கமாட்டார்கள். அப்படியானால் அவர் செத்த நேரத்தைப் பற்றி யாரோ பொய் சொல்கிறார்கள். அவளை யாரும் விசாரிக்கச் சொல்லவில்லை. பூக்கூடையோடு வீடு வீடாகப் போகிறாள், பேச்சுக் கொடுக்கிறாள், கவனிக்கிறாள்.

அவளிடம் வாளும் இல்லை, பதவியும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பூ. அதை வைத்தே அரண்மனை வைத்தியருக்குப் புலப்படாததைக் கண்டுபிடிக்கிறாள். வீட்டு வேலையில் கைக்குப் பழகிய விஷயங்களும் ஒரு அறிவுதான் என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் புளி மண்டி வைத்திருந்தார். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். அவர் மனைவிக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அரபு ஓதத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. நான் வாய்விட்டுப் படிப்பதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டவர், ஒருநாள் நேராக வந்து உட்கார்ந்து, அந்தப் பூக்காரி அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்டார். அன்றிலிருந்து பத்திரிகை வந்த மறுநாள் மதியம் எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை. படித்து முடித்ததும் கொலைகாரன் யார் என்று சண்டை போடுவோம்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. சமைத்தவர் ஒரு தெலுங்குக்கார அம்மா. கணவர் படுத்த படுக்கை. நாலு வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துத்தான் அவர் குடும்பத்தை ஓட்டினார். மறுநாள் தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தி, வயிற்றுவலி. அந்த அம்மா சமையலில் எதையோ கலந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. அடுத்த வாரம் விசேஷம் வைத்திருந்த ஒரு வீட்டில் உடனே அவரை வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் அக்காவும் அதே பந்தியில் மதியம் சாப்பிட்டவர்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

"நம்ம பூக்காரியா இருந்தா இப்ப என்னா கேப்பா?" என்றார் அக்கா.

"யார், எதை, எப்போ சாப்பிட்டாங்கன்னு கேப்பா."

சுகம் விசாரிக்கிற சாக்கில் இரண்டு நாள் வீடு வீடாகப் போனோம். மதியம் சாப்பிட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். மிச்சத்தைப் பொழுது சாய்ந்து வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குத்தான் வாந்தி. அதிலும் மோர் மட்டும் ஊற்றிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு ஒன்றுமில்லை, புளிக்குழம்பு ஊற்றிக்கொண்டவர்கள்தான் படுத்திருந்தார்கள். குழம்பு நாக்கில் ஒரு மாதிரி கசந்தது என்றார் ஒருவர்.

அதைக் கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஈயம் போன பித்தளையில புளி நின்னா பச்சையா களிம்பு ஊறும் தங்கச்சி, அது வெசம். அதுதான் இது."

விசேஷ வீட்டுக்காரம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? பெரிய வீடு, நானோ புதிதாக வந்தவள். வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிவிட்டோம். மறுபடி போனபோது, மிஞ்சின குழம்பை எதில் ஊற்றி வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் யோசனை செய்தபடி உள்ளே போய் ஒரு பெரிய பித்தளைக் குண்டானைத் தூக்கி வந்தார். அடியில் ஈயப்பூச்சு தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது. விளிம்போரம் பச்சையாக ஒரு கோடு. சமையலம்மா மண்சட்டியில் வைத்த குழம்பை இதில் மாற்றியது அந்த வீட்டுக்காரம்மாவேதான்.

அந்தப் பச்சையை அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் பயந்துபோனேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஈயம் பூசி ரெண்டு வருசம் ஆவுது. அந்தம்மா மேல பழி போட்டுட்டேனே."

மறுநாள் காலை அவரே தாம்பூலத் தட்டோடு சமையலம்மா வீட்டுக்கு நடந்து போனதைத் தெருவே பார்த்தது. கல்யாணச் சமையலும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு வந்தாராம். குழம்பை மாற்றியது தான்தான் என்று அவர் வாயாலேயே நாலு வீட்டில் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

சமையலம்மாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. ஒரு மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தார், நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. அந்தக் கதையை எனக்கும் படித்துக் காட்டு என்றார். அவருக்குப் பாதித் தமிழ் புரியாது. அக்கா தெலுங்கில் எடுத்துச் சொல்வார். அவர் கேட்கிற கேள்விகள் எங்களைத் திணற வைக்கும். ஓர் அத்தியாயத்தில் பூக்காரி காட்டில் ஒளிந்துகொண்டு, பச்சைப் புளிய விறகில் புகையே இல்லாமல் கஞ்சி காய்ச்சினாள் என்று வந்தது.

"எழுதினவரு ஒருநாளாவது அடுப்பு ஊதியிருப்பாரா?" என்றார் சமையலம்மா. நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதை அப்படியே ஒரு கார்டில் எழுதிப் பத்திரிகைக்குப் போட்டேன். மூன்றாம் வாரம் அது அச்சாகி வந்தது, கீழே 'ஒரு வாசகி, ஓசூர்' என்று. கணவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இது யார் தெரியுமா என்று என்னையே கேட்டார். நான் சொன்னதும் இன்னொரு முறை படித்தார். அடுத்த வாரம் பத்திரிகையோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்று மதியமே அக்காவையும் சமையலம்மாவையும் உட்கார வைத்து, ஒரு கோட்டை, ஒரு சமையற்காரி என்று முதல் வரியைச் சொன்னேன்.

"செத்தது யாரு?" என்றார் அக்கா.

"இன்னும் யாரும் சாகலை அக்கா" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தேன்.