முதலிபாளையத்தில் விஞ்ஞானக் கதை

புத்தகத்தை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்: புத்தகம் திரும்பி வராவிட்டாலும், அதைப் பற்றிய கருத்து வந்துவிடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் முதலிபாளையத்தில் நானும் அப்படிப் பிழைத்தேன். குடும்ப நாவல்கள் பறந்தன. விஞ்ஞானக் கதைத் தட்டில் பல்லி குடியிருந்தது.

நிலவுப் பயணம்

அந்தத் தட்டில் முதலில் கை வைத்தவர் பனியன் கம்பெனி மெக்கானிக் பழனிச்சாமி. விமானமே பறக்காத காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய கதைகளின் தமிழ்த் தொகுப்பு ஒன்றை எடுத்துப் போனார். மறுநாள் டீ இடைவேளையில் எண்ணெய்க் கையோடு ஓடி வந்து, நிலவுக்குப் போகும் கதையைத் திறந்து விரலை வைத்தார். பக்கம் கறையானதைத் திட்டக்கூட மறந்துவிட்டேன். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"போறதுக்கு எல்லாஞ் சரியா எழுதியிருக்கறாருங்க, திரும்பி வர்றதுக்கு எரிபொருள் எங்கீங்க வெச்சிருந்தாரு?"

முன்னுரை

அவர் குரல் கேட்டு உள்ளே வந்தவள் அமலா. அதே கம்பெனியின் செக்கிங் பிரிவில் நூல் பிசிறு வெட்டுகிறவள். "இதெல்லாம் ஆம்பளைங்க கதைங்களா?" என்றாள். முன்னுரையைக் காட்டினேன். இந்த வகைக்கு முன்னோடி என்று பலரும் சொல்லும் நாவலை, ஏறக்குறைய இருநூறு வருஷம் முன்பு, பதினெட்டு வயதில் எழுதத் தொடங்கியவள் ஒரு பெண். முதல் பதிப்பில் அவள் பெயரைக்கூடப் போடவில்லையாம். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். கம்பெனிச் சங்கு ஊதியது அவள் காதில் விழவில்லை.

"எனக்குப் பத்தொம்பது ஆச்சுங்க, ஒரு வருசம் வீணாப் போச்சுங்களே."

நாற்பது பக்க நோட்டு

மறுமாதம் தான் எழுதிய கதை நோட்டோடு வந்தாள். சாயத் தண்ணீர் ஓடும் நொய்யலில் ஒரு பெண் இயந்திரம் ஒன்றை இறக்குகிறாள். அது ஆற்றின் நிறத்தை உறிஞ்சுகிறது. பிறகு கரையேறி ஊரின் நிறத்தையும் உறிஞ்சுகிறது. கடுகடு சூப்பர்வைசர் ஒருவர் மீசை வரை வெளுத்துப்போகிறார். படித்து முடித்ததும் மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினேன். பெயர் போடாமல், அட்டை மட்டும் போட்டுத் தட்டில் வைத்தோம். ஆட்கள் சொல்லி வைத்து எடுத்துப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை அந்த நோட்டோடு வந்தவர் அவளுடைய சூப்பர்வைசர். செக்கிங் சீட்டில் தினமும் பார்க்கும் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? புத்தகம் மாற்ற வந்திருந்த அமலா அப்படியே நின்றுவிட்டாள். வேலை போனது என்றே நானும் நினைத்தேன். அவர் நேராக அவளிடம் போனார்.

"மீசை போனாப் போகுது அம்மிணி, ஆறு தெளிஞ்சுதா இல்லையான்னு எழுதாமயே முடிச்சுட்டியே, அதச் சொல்லு மொதல்ல."

விஞ்ஞானக் கதை எந்த நாட்டில் பிறந்தது என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், அதைப் பனியன் கம்பெனி சூப்பர்வைசரே சொல்லி வைத்து வாங்கிப் படித்த ஊர் எங்களுடையதுதான்.