சீவி எறிந்த ஓரம்

தோல் புற்றுநோயைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது எங்கள் அறுவை மருத்துவரின் நினைப்பு. விழுப்புரத்தில் அவர் வெட்டித் தரும் கட்டித் துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து, பேருந்தில் திண்டிவனத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போவது என் வேலை. கட்டியோடு சண்டை போடும் எதிர்ப்புச் செல்களையும், கட்டியைச் சுற்றி நின்று அதைத் தாங்கிப் பிடிக்கும் செல்களையும் உயிரோடு பிரித்துப் பார்ப்போம். அவை அதிகம் இருப்பது ஓரத்தில்தான். இதை அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! செவிடன் காதில் ஊதிய சங்கு.

கிளியனூர் அம்மா ஒருவருக்கு உள்ளங்காலில் கறுப்புக் கட்டி. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கும்போது முள் குத்தியது என்றே ஒரு வருஷம் ஓட்டியிருந்தார். ஆய்வுக்குத் துண்டு தரச் சம்மதமா என்றேன். கையெழுத்துப் போடுமுன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் ஒடம்பு அதுங்கூட சண்ட போட்டுக்கினு இருக்குதா, இல்ல சும்மா வுட்டுடுச்சான்னு பாத்து சொல்றியாம்மா?"

"கண்டிப்பா சொல்றேம்மா."

ஆய்வுக்கூடத்தில் பெட்டியைத் திறந்தேன். துண்டில் ஓரமே இல்லை. கறிக்கடையில் கொழுப்பு நீக்கித் தருவது போலச் சீவியிருந்தார் மகானுபாவர். ஃபோன் போட்டேன்.

"வேஸ்ட்டெல்லாம் எடுத்துட்டு சுத்தமா குடுத்துருக்கேன். உனக்கு கேன்சர்தானே வேணும்?"

நன்றி வேறு எதிர்பார்த்தார். சீவியது அதற்குள் குப்பைக்குப் போய்விட்டது. படித்த முட்டாளுக்கு மருந்தே கிடையாது.

கட்டுப் பிரிக்க வந்த அன்று அந்த அம்மா என்னைத் தேடிப் பிடித்தார்.

"பாத்தியாம்மா? சண்ட போட்டுச்சா?"

பக்கத்தில் நின்ற மருத்துவர் என் காதருகே முணுமுணுத்தார். "போட்டுச்சுன்னு சொல்லேன், என்ன கொறஞ்சிடப் போவுது?"

த்தூ, இவரும் ஒரு மனுஷனா என்று நினைத்தேன். அந்த அம்மாவோ காலைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாவே போட்டுச்சும்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு அப்பவே தெரியும். எம்மாம் வேல செஞ்ச ஒடம்பு! அப்போ தொடையில நெறி கட்டியிருக்குதுன்னு அடுத்த வாரம் வரச் சொன்னாங்களே, அது வாணாம் இல்ல? அதான் ஒடம்பே பாத்துக்குதே."

கட்டி அங்கேயும் பரவிவிட்டதா என்று பார்க்கத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்துத் துப்பிய எச்சில் என் மூஞ்சியில்தான் விழுந்திருந்தது.

"கண்டிப்பா வரணும்மா. நான் எதையும் பாக்கல. பொய் சொல்லிட்டேன்."

அந்த அம்மா மருத்துவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ என் சதைய எதுக்குடி எடுத்துக்கினு போன?"