வாய்மொழித் தேர்வில் சொன்ன பதில்

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் வைத்திருந்த விலங்கியல் நோட்டை அவனைத் தவிர யாராலும் படிக்க முடியாது. எழுத்து தமிழ், பாஷை ஆங்கிலம். பேராசிரியர் வாயிலிருந்து விழும் ஆங்கிலத்தை விழுந்தபடியே தமிழ் எழுத்தில் பிடித்து வைத்திருப்பான். 'த ஷெல் ஈஸ் பைவால்வ்' என்று பக்கம் பக்கமாக ஓடும். பிறகு அதை உட்கார்ந்து உருப்போடுவான். மூன்று பக்கத்தை ஒரு மூச்சில் ஒப்பித்துவிடுவான். ஆனால் நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் திரும்பவும் முதல் வரியிலிருந்துதான் கிளம்பி வர வேண்டும். அந்த நோட்டை நான் மற்ற அறைகளுக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தோம். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான் என்பதைச் சொல்லி இத்தனை காலம் என்னைச் சமாதானப்படுத்தி வந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் நாங்கள் பி.எஸ்ஸி. படித்தோம். நான் நாசரேத்துக்காரன். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்; சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் ஆங்கிலத்தில்தான் விசாரிப்பார். ஆக, எனக்கு ஆங்கிலம் வந்ததில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. அம்மைப்பால் வைப்பதைப் போலச் சின்ன வயதிலேயே அப்பா வைத்துவிட்டார். அவனோ மணப்பாட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையூர்க்காரன். அவனுடைய அப்பா கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரைக்கும் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர். பதினோரு வருஷம் தமிழில் படித்து, பள்ளியிலேயே முதலாவதாக வந்தவன் அவன். பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்த கடிதத்தின் பேரில் விடுதியில் இடம் கிடைத்திருந்தது. ஒரு பாடத்தில் தவறினாலும் அந்த இடம் போய்விடும். தேறினால் மீன்துறையில் உத்தியோகம் பார்க்கலாம் என்பது அவன் கணக்கு.

"எங்கப்பா முங்கிப் பாத்துச் சொன்னத, போட்டுல இருந்த ஆபீசர் எழுதிக்கிட்டுப் போனாரு. நான் முங்கவும் செய்வேன், எழுதவும் செய்வேன்லே" என்பான். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் விளையாட்டு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போவான். கப்பலிலிருந்து இறங்கிக் கடைத்தெருவுக்கு வருகிற கிரேக்க மாலுமியும் கொரியா மாலுமியும் நாலே நாலு ஆங்கில வார்த்தையை வைத்துக்கொண்டு வாழைப்பழத்தாரை விலை பேசுவார்கள். கடைக்கார அண்ணாச்சி அதில் மூன்று வார்த்தையைத் திருப்பிக் கொடுத்து வியாபாரத்தை முடித்துவிடுவார். "பாத்தியா வாத்தியார் மவனே, அவனும் என்ன மாதிரித்தான் பேசுதான். அவனுக்கு எவனும் மார்க்கு போடல" என்பான் இவன். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் சொன்னான். எங்கள் கரைக்கு முத்துக்காக வந்த போர்த்துகீசியப் பறங்கி சாவியையும் சன்னலையும் அலமாரியையும் விட்டுவிட்டுப் போனான். அந்த வார்த்தைகள் வீட்டுக்குள் வந்து வேலை செய்தன. யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆங்கிலம் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிறவனை எல்லாம் நீ யார் என்று கேட்டது. அதை உட்காரவைத்தவன் ஊருக்குப் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அது எழுந்திருக்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம். முத்துச்சிப்பியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருந்த அரைப்பக்கம் எனக்கு மனத்தில் நிற்கவில்லை. நான் சிப்பியை ஜாடியில்தான் பார்த்திருந்தேன். அவன் விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னான். குஞ்சுச் சிப்பி ஓரிடத்தில் ஒட்டினால் ஒட்டியபடி கிடக்கும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. இடம் பிடிக்காவிட்டால், கல்லைப் பற்றியிருக்கும் தன் நாரைத் தானே அறுத்துக்கொண்டு நகர்ந்துபோய், வேறு கல்லில் புது நார் விட்டுப் பிடித்துக்கொள்ளும். மணலில் ஒதுங்கியது பிழைக்காது. திருக்கை மீன் கூட்டமாக இறங்கினால், கடலடியில் சிப்பி விளையும் பார் முழுவதையும் மேய்ந்துவிட்டுப் போகும். சிப்பியைக் கல்லிலிருந்து நேராக இழுத்தால் கைதான் கிழியும். ஒரு பக்கமாகத் திருக வேண்டும். இதையெல்லாம் அப்பா அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே, கையை மடக்கியும் திருகியும் எனக்குச் சொன்னான். அன்று அவன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எங்கே நிறுத்திக் கேட்டாலும் அங்கிருந்தே பதில் வந்தது.

மறுநாள் தேர்வாளராக வெளியூர்க் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். பதிவெண்படி எனக்கு அடுத்தவன் அவன். என் பின்னாலேயே நின்றான். மேசையில் தட்டில் முத்துச்சிப்பி இருந்தது. இது எப்படி ஒட்டிக்கொள்கிறது, இதைப் பற்றி என்ன தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் முந்தின நாள் கேட்டதை நல்ல ஆங்கிலத்தில் அதே வரிசையில் சொன்னேன். நார், நகர்தல், மணல், திருக்கை, திருகி எடுப்பது எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். நானே நேரில் கவனித்தது என்று சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் அவன் நிற்கிறான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் ரெக்கார்டு நோட்டில் அவர் கையெழுத்துப் போடுவதற்காக நான் அங்கேயே நின்றேன். அடுத்து அவன். அதே தட்டு, அதே கேள்வி. அவன் நோட்டின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்டார். திரும்பவும் முதல் வரி. மூன்றாவது தடவை தட்டிலிருந்த சிப்பியை எடுத்து, நார் வெளியே வருகிற இடத்தைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினான். "காட்டாதே, சொல்" என்றார் அவர், ஆங்கிலத்தில். பிறகு அட்டெண்டரைக் கூப்பிட்டு, காப்பியில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார், தமிழில். மேசையைச் சுற்றி இருந்த நான்கு பேருக்கும் தாய்மொழி தமிழ்தான். சார், இவனைத் தமிழில் கேட்டுப் பாருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பதில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துபோகும். அந்தப் பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சிப்பியப் பத்தி அவர்ட்ட அப்படி என்னல சொன்ன? மனுசன் எந்திச்சே நின்னுட்டாரு" என்று கேட்டான். இரண்டடி பின்னால் நின்றவன். தன் அப்பா சொன்னதை, தான் சொன்னதை, ஆங்கிலத்தில் கேட்டு அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"புஸ்தகத்துல உள்ளதுதாம்ல" என்றேன்.

"படிச்சவன் படிச்சவன்தான்" என்றான்.

முடிவு வந்தது. அவன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனான். நான் மேலே படித்தேன், விலங்கியல் விரிவுரையாளர் ஆனேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். முத்துச்சிப்பிப் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் ஆங்கிலத்தில் நடத்தினேன். நன்றாக நடத்துவதாகப் பெயர். கடற்கரையூர்ப் பையன்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ வேகமாக எழுதிக்கொண்டிருப்பார்கள். என்ன எழுத்தில் எழுதுகிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

எழுபதுகள் முடிவதற்குள் ஒருமுறை திருச்செந்தூர் பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்தேன். அப்போது சங்கு குளிப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு. ஆழத்துக்குப் போய்ப் போய் ஒரு காது கேட்காமல் ஆகியிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி. "ஏளா, இவந்தான் நான் சொல்லுவேம்லா, வாத்தியார் மவன். இவன் இங்கிலீசுல சொன்ன பதிலக் கேட்டு அந்தப் பெரிய சாரே எந்திச்சிட்டாரு" என்று, தானே பரிசு வாங்கியதைப் போலச் சொன்னான். பிறகு நல்ல காதை என் பக்கம் திருப்பினான். "அன்னைக்குக் கேட்டதுக்கு நீ ஒழுங்கா வெளக்கம் சொல்லல. அந்தச் சிப்பியப் பத்தி என்னல சொன்ன? இப்பமாவது தமிழ்ல சொல்லு, இவளும் கேக்கட்டும்."

"மறந்துபோச்சு" என்றேன்.

"அதெப்பிடில மறக்கும்? எங்கப்பா சொன்னது எனக்கு ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு" என்றான். இருவரையும் பார்த்து, குஞ்சுச் சிப்பி தன் நாரைத் தானே அறுத்துக்கொண்டு நகர்வதிலிருந்து தொடங்கி, கையை மடக்கித் திருகிக் காட்டியபடி, அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனான். முதல் தடவையாகக் கேட்பவனைப் போல நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.