சீமைச்சக்கைக்காரி

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்ட வருடங்களில் பாறசாலைப் பக்கம் கிடைத்த வேலையைச் செய்து அலைந்தேன். சீமைச்சக்கை என்னும் கறிப்பலாக்காய் விற்கும் ஒரு பெண், சந்தைக்குச் சுமை தூக்க தனுவச்சபுரத்தில் என்னைக் கூப்பிட்டாள். உயரமானவள். தலைச்சுமையால் கழுத்து சற்று உள்ளே அமுங்கியிருந்தது. பறித்த காயைக் காம்பு கீழே இருக்கும்படி மண்ணில் நிறுத்தி, பால் வடிந்து நின்ற பிறகுதான் கூடையில் வைப்பாள்.

பாறசாலையில் அன்று கடையடைப்பு. எங்களுக்குத் தெரியாது. கொடி பிடித்த இளைஞர்கள் வழிமறித்தார்கள். காய்கள் நன்றாக முற்றியவை. மறுநாள் பழுத்தால் கறிக்கு ஆகாது.

“விடுங்க மக்கா, எல்லாம் பாழாப் போவும்” என்று கெஞ்சினாள்.

“இது தமிழ்ச் சக்கையா, மலையாளச் சக்கையா?” என்று ஒருவன் கேலி செய்தான்.

“சீமைச்சக்கையாக்கும். கடலுக்கு அங்க உள்ள நாடெல்லாம் நமக்குச் சீமை. கப்பல்ல வந்ததுனால அந்தப் பேரு. எந்த நாடுன்னு ஆருக்கும் தெரியாது. இதுக்கு விதை கிடையாது, கேட்டியா? வேரு முறிஞ்ச இடத்துலதான் கன்னு முளைக்கும்.”

“அதெல்லாம் சரி அக்கா. இன்னைக்குச் சந்தை இல்லை.”

கூடையை இறக்கி வைத்தாள். பிறகு இருந்ததிலேயே பெரிய காயை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“எலே, வெறும் வயித்தோட நின்னு கத்தாதே. தேங்கா அரைச்சு வச்சுத் தின்னு.”

மீதியைச் சுமந்துகொண்டு வந்த வழியே நடந்தோம்.

அன்று நானும் சாப்பிட்டிருக்கவில்லை. வழிமறித்தவனுடைய பசி மட்டும் அவள் கண்ணில் எப்படிப் பட்டது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.