ரோவீனாவின் பன்றி பக்கவாட்டில் போன கதை

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் உள்ள விடுதி ஒன்றில் ரோவீனா பெக்விட் இருபத்தாறு வருஷமாகத் துணி துவைக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் படுக்கை விரிப்பு மடிப்பாள், மிச்ச இரண்டு நாள் பாறையில் தொங்குவாள். லீவு சேர்ந்தால் சுவர் போலச் செங்குத்தாக நிற்கும் பெரிய பாறை ஒன்றில் தன்னந்தனியாக ஏறி, நாலைந்து நாள் அதிலேயே படுத்து எழுந்திருப்பாள். துணைக்கு வந்த இரண்டு பேரும் அவள் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.

அதற்காக வாயை மூடிக்கொண்டா ஏறுவாள்? தண்ணீர், சாப்பாடு, படுக்கை எல்லாம் திணித்த மூட்டையை அங்கே பன்றி என்பார்கள். இழுத்தால் வராமல் அடம்பிடிக்கும், அதனால் அந்தப் பேர். ரோவீனாவின் சண்டை முழுக்க அதோடுதான்.

நேராக மேலே போகிறவரை தனி ஆளுக்குப் பெரிய தொல்லை இல்லை. ஏறிப்போய்க் கயிற்றைக் கட்டிவிட்டு, அதிலேயே சறுக்கி இறங்கி, வழியில் பாறை இடுக்குகளில் செருகிய கொக்கிகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டியதுதான். பக்கவாட்டில் போகும்போதுதான் வம்பு. திரும்ப இறங்கினால் கயிறு நேர்கீழே அந்தரத்தில் கொண்டுபோய் விடும். புறப்பட்ட இடமோ இருபது மீட்டர் தள்ளி இருக்கும். அதனால் அங்கேயே இன்னொரு மெல்லிய கயிற்றின் நுனியைக் கட்டி, மறுநுனியை இடுப்பில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரும்பலாம். பன்றியையும் சும்மா அவிழ்த்துவிடக் கூடாது, ஊஞ்சலாடிப் பாறையில் மோதிவிடும். ஒரு கயிற்றை அதன் வளையத்தில் கோத்து, இரு நுனியையும் கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து அக்கரைக்கு அனுப்ப வேண்டும்.

ரோவீனாவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஒரு சுவரில் மட்டும் இரண்டு வருஷம் தோற்றாள். பாதி உயரத்தில் கூரை போல நீட்டிய பாறை, அதன் அடியில் இடப்பக்கமாக இருபது மீட்டர். முதல் வருஷம் அந்த மெல்லிய கயிற்றைக் கட்டவே மறந்து கோட்டை விட்டாள். அந்தரத்தில் ஆடி ஆடித் திரும்பிச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டாம் வருஷம் பன்றி கைநழுவி மோதியதில் தண்ணீர் பாட்டில் எல்லாம் உடைந்துவிட்டது என்று சொல்லி இறங்கி வந்தாள்.

"மூணாவது தரமும் இறங்கினேன்னா இனிமே தனியா ஏற மாட்டேன், உன்கூடத்தான்" என்று பீர் குடித்த வாயால் டெல்மரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். டெல்மர் அந்தப் பள்ளத்தாக்கில் குப்பை லாரி ஓட்டுகிறவன், இருபது வருஷ நண்பன், நன்றாகப் பாறை ஏறுகிறவன். நல்லவன்தான். ஆனால் அவனோடு ஏறினால் பன்றியை யார் திட்டுவது?

இந்தத் தரம் எல்லாம் கச்சிதம். அக்கரை போய்த் தன் கயிற்றையும் பன்றியின் கயிற்றையும் கட்டி, மெல்லிய கயிற்றை இழுத்துக்கொண்டே திரும்பிவிட்டாள். பன்றியின் வளையத்தில் இன்னொரு கயிற்றைக் கோத்துக் கையில் பிடித்தாயிற்று. விட்டுக்கொடுப்பதுதான் பாக்கி. கை நகரவில்லை.

மெல்லிய கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு கூரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் இறங்க வழி கிடையாது. கயிறு பாறையைத் தொடாமல் வெட்டவெளியில்தான் தொங்கும். மேலே ஒன்றுதான் வழி. ரோவீனா கயிற்றை முடிச்சுப் போட்டு நிறுத்தினாள். ஒரு பீச் பழ டின்னைத் திறந்து சாப்பிட்டாள். பன்றியைத் திட்டிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் வாக்கிடாக்கியை எடுத்தாள். கீழே புல்வெளியில் டெல்மர் நாற்காலி போட்டு, பைனாகுலரும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"டெல்மர், போன வருஷம் பாட்டில் உடையல. நானே கொட்டிட்டேன். பயமா இருந்துச்சு."

"தெரியும்" என்றான் டெல்மர். "அன்னிக்குப் பாறையடியிலேர்ந்து பன்றியைச் சுமந்துட்டு வந்தது நான்தானே? பத்து பாட்டிலும் உடையாம காலியா இருந்துச்சு, மூடியெல்லாம் அழகாத் திருகி. உடைஞ்ச பாட்டிலுக்கு எவடி மூடி போடுவா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் படுபாவி. ரோவீனாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா இந்த வருஷம் ஏறியிருக்க மாட்ட. இப்பவும் பயந்தா இறங்கு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த வாக்கும் வேணாம்."

அவள் வாக்கிடாக்கியை இடுப்பில் மாட்டி, முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைப் பிடித்தாள். பிறகு கையைத் தளர்த்தினாள். பன்றி முதலில் அசையவில்லை. அப்புறம் கயிறு விட விட, மெல்லப் பாறையை விட்டு நகர்ந்து, கூரையடியில் வெளியே போய், அக்கரைக்கு நேர்கீழே ஆடாமல் நின்றது. கயிற்றின் ஒரு நுனியை விட்டு மறுநுனியை இழுத்தாள். அது வளையத்திலிருந்து உருவிக்கொண்டு கைக்கு வந்தது. அடுத்து அதே மாதிரி தன்னையும் விட்டுக்கொண்டாள்.

"டெல்மர்."

"சொல்லு."

"நாளை மறுநாள் சாயந்திரம் பின்பக்கமா நடந்து உச்சிக்கு வந்து நில்லு. இனிமே கீழ வர வழி இல்ல."